மருந்தடித்த பூ

கெலவரப்பள்ளி
3.1.2025

அருணாவுக்கு,

நாங்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது இருட்டிவிட்டது. குளிரில் பல் கிட்டிக்கொண்டது. நாலு நாள் மெட்ராசில் பைக்குள்ளேயே கிடந்த ஸ்வெட்டர்களை அங்கேயே நின்று ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டோம். டிசம்பர் மாசம் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியூர் போவதா என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்து, உன் வீட்டு ஃபேனுக்கு அடியில் வேர்த்து வழிந்தவள் நான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்த முதல் மூன்று நாள் நீ நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தாய்.

நாலு தடவை போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் எங்கள் வீட்டுப் போன் தெருக்குழாய் மாதிரி. பெரியவள் சுவாதி ஒரு பக்கம், அவள் தம்பி ஒரு பக்கம், உன் மாமா ஒரு பக்கம். அதனால் சுவாதியின் நோட்டில் நாலு தாள் கிழித்து எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று சொல்லு. யாருக்காவது வாந்தி, வயிற்றுவலி என்று ஏதாவது வந்ததா? உன் மேனேஜர் வீட்டம்மா ஒரு கரண்டி விழுங்கிவிட்டார், நான் பார்த்தேன். உன் பாப்பா இரண்டு இதழைப் பிய்த்துத் தின்றாள் என்று சுவாதி பஸ்ஸில்தான் சொன்னாள். வேலூர் தாண்டும் வரைக்கும் எனக்கு உயிர் உயிராக இல்லை.

உனக்காக ஆசையாகக் கொண்டுவந்த பூ அது. பிப்ரவரி காதலர் தின சீசனுக்காக மற்ற செடியையெல்லாம் டிசம்பரிலேயே கிளை வெட்டிக் கவாத்து பண்ணிவிட்டோம். பிளாஸ்டிக் கூரை போட்டுப் பாலிஹவுஸ் கட்டிய ஏழு வருஷத்தில், அரையாண்டு லீவில் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட எனக்கு நேரம் கிடைத்தது இந்தத் தடவைதான். கவாத்து பண்ணாமல் விட்ட கடைசி வரிசையில் உனக்கென்று நாலு கட்டு வெட்டினேன். இருபத்தைந்தாம் தேதி வெட்டியது. மருந்தடித்தது இருபத்து மூன்றாம் தேதி. நீ அதை ஜாடியில் வைப்பாய் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு ஹாலுக்கு வந்தால், உன் ஆபீஸ் விருந்தாளிகளுக்குப் பன்னிரண்டு கிண்ணம் சேமியா பாயசம், ஒவ்வொன்றின் மேலும் நம் ரோஜா இதழ். அதற்கப்புறம் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

புது வருஷம் வரைக்கும் இருக்கிறோம் என்று வந்தவர்கள் மறுநாளே கிளம்பினோம். நீ வாசல் வரைக்கும் வரவில்லை. சின்னவன் லிஃப்டில் ‘சித்திக்கு உடம்பு சரியில்லையா?’ என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

நான் உன்னிடம் ஒரு விஷயம் கேட்கத்தான் முக்கியமாக வந்தேன். கேட்காமலே திரும்பிவிட்டேன். அது கிடக்கட்டும். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் ஒரு வரி எழுது.

காவேரி

*

மேடவாக்கம், சென்னை
10.1.2025

காவேரி அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வாட்ச்மேன் இரண்டு தடவை முகவரியைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். எங்கள் பிளாக்கில் கையால் எழுதிய கடிதம் வந்து வருஷக்கணக்காகிறதாம்.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பாப்பா நன்றாக இருக்கிறாள். மேனேஜர் மனைவியும் நன்றாக இருக்கிறார். அவருடைய பட்டுப்புடவை மட்டும் டிரை கிளீனிங்கில் இருக்கிறது. எல்லார் வயிறும் சரியாக இருக்கிறது அக்கா, என் மானம்தான் போய்விட்டது.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே கிண்ணங்களை உள்ளே எடுத்துப் போயிருப்பேன். நீங்கள் ஓடிவந்து அந்த அம்மாவின் கையில் இருந்த கிண்ணத்தைத் தட்டிவிட்டீர்கள். ‘துப்புங்க, துப்புங்க! மருந்தடிச்ச பூவுங்க அது!’ என்று கத்தினீர்கள். அதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் நான் எல்லாரிடமும், ‘எங்க சொந்தத் தோட்டம், ஒரு சொட்டு மருந்து அடிக்காத ரோஜா’ என்று பெருமையடித்திருந்தேன். திங்கட்கிழமை ஆபீஸில் ஒருத்தர் விடாமல் என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்தார்கள்.

கோபத்தோடு கோபமாக இதையும் சொல்லிவிடுகிறேன். 2020 லாக்டவுனில் ஆறு மாசம் உங்களோடு இருந்தேன். அப்போது பாப்பா வயிற்றில். ஒரே ஒரு நாள்கூட என்னைப் பாலிஹவுஸுக்குள் விடவில்லை நீங்கள். போட்டோ எடுக்க வாசலில் கால் வைத்ததற்கு, வேலையாள் நாராயணம்மா முன்னாலேயே ‘இங்கெல்லாம் உனக்கு என்ன வேலை, போ வூட்டுக்கு’ என்று விரட்டினீர்கள். சொத்தில் பங்கு கேட்க வந்தவள் என்று நினைத்தீர்களா? நான்கரை வருஷமாக இதை மனதில் வைத்திருக்கிறேன். உங்கள் கொழுந்தன் மாதவனிடம்கூடச் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அடுத்தவர் ஒரு கரண்டி சாப்பிட்டதற்கே உங்களுக்கு உயிர் போகிறது. வருஷம் முழுக்க அதே பூவுக்குள் நிற்கிறவர் நீங்கள். பாத்திரம் தேய்க்கும்போது உங்கள் விரல் இடுக்கைப் பார்த்தேன், தோல் உரிந்து கிடக்கிறது. காலையில் குழாயைத் திறந்துவிட்டு நீங்கள் வாந்தி எடுத்ததும் எனக்குக் கேட்டது. பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று நாள் கழித்துமா?

என்ன கேட்க வந்தீர்கள்?

அருணா

*

கெலவரப்பள்ளி
17.1.2025

அருணாவுக்கு,

உன் கடிதம் போகியன்றைக்கு வந்தது. பொங்கல் மூன்று நாளும் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். மாட்டுக்குக் குங்குமம் வைக்கும்போது தாளெல்லாம் சிவப்பாகிவிட்டது.

சொத்தா? அடிப் பைத்தியக்காரி. நாலு நாள் என் கையால் சாப்பிட்டிருந்தாலே என்னைப் பற்றித் தெரிந்திருக்கும், நீ ஆறு மாசம் சாப்பிட்டாய். உன்னை ஏன் உள்ளே விடவில்லை என்று இன்றைக்குச் சொல்கிறேன். இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

2018 பிப்ரவரி. எங்களுக்கு முதல் சீசன். எனக்கு அப்போது ஐந்தாம் மாசம். சுவாதிக்கும் சின்னவனுக்கும் அப்புறம் வந்தது. காலையில் செம்பேன் பூச்சிக்கு மருந்தடிப்பார்கள், இலை காய்வதற்குள் நான் ஆட்களோடு உள்ளே போய்ப் பக்க மொட்டுக் கிள்ளுவேன். மேலெல்லாம் பிளாஸ்டிக் கூரை, காற்று எங்கே போகும்? தலை சுற்றும், வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் போவேன். சீசன் முடிந்து ஏழாம் நாள் எல்லாம் கலைந்து போய்விட்டது. வேலை அதிகம் என்றார்கள், கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். பூவுக்கு நல்ல பேர் கிடைத்த வருஷம் அது. அந்த நேரத்தில் மருந்தைப் பற்றி நான் எப்படி வாயைத் திறப்பேன்? ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் மட்டும் ‘மருந்தடிக்கிற இடத்துக்கெல்லாம் போவியாம்மா?’ என்று கேட்டாள். உன் மாமா பக்கத்தில் நின்றார். போக மாட்டேன் என்று சொன்னேன்.

அந்த மருந்தால்தானா, வேறு எதனாலாவதா என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை வைத்து யாரைக் குற்றம் சொல்வது? ஆனால் நீ வயிற்றைத் தள்ளிக்கொண்டு கையில் போனோடு அந்த வாசலில் வந்து நின்றபோது எனக்கு அந்தப் பிப்ரவரிதான் ஞாபகம் வந்தது. அன்பாகச் சொல்லி அனுப்ப எனக்குப் பொறுமை இல்லை. விரட்டினேன். நீ கோபித்தாலும் பரவாயில்லை, பாப்பா நல்லபடியாகப் பிறந்தாளே.

இப்போது கேட்க வந்ததைச் சொல்கிறேன். வெட்கமாக இருக்கிறது. எனக்கு மூன்று மாசம் முடிந்துவிட்டது. வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு, முப்பத்தேழு வயசில். உன் மாமாவுக்குத் தெரியாது. ஊர் நர்சம்மாவிடம் சொன்னால் பதிவு பண்ணிவிடுவார், சாயங்காலத்துக்குள் கிணற்றடி வரைக்கும் செய்தி போய்விடும். ஓசூரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரு தெரிந்த முகம் இருக்கும். கடல் பார்க்கப் போகலாம் என்று பிள்ளைகளைக் கிளப்பியதே இதற்குத்தான். உன் ஊரில் ஒரு டாக்டரிடம் போய், இது நல்லபடியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தெரிந்துகொள்ளாமல் நாளைத் தள்ள முடியவில்லை அருணா. ராத்திரியில் வயிற்றில் கை வைக்கவே பயமாக இருக்கிறது.

உன் விருந்து முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். விருந்தை நானே முடித்து வைத்துவிட்டேன்.

காவேரி

*

மேடவாக்கம்
21.1.2025

அன்புள்ள அக்கா,

இதற்கு முன் மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் அதிகமாக மன்னிப்புக் கேட்டிருந்தேன், ஒன்றில் உங்களைத் திட்டியிருந்தேன், மூன்றாவதை முடிக்கவே முடியவில்லை. உங்கள் கடிதத்தை ஆபீஸ் பாத்ரூமில் நின்று படித்தேன். முகம் கழுவிக்கொண்டு வெளியே வர அரைமணி நேரமாயிற்று.

நான்கரை வருஷம் உங்களைப் பற்றித் தப்பாக நினைத்திருக்கிறேன். அதை என்ன எழுதினாலும் சரியாக்க முடியாது. அந்த மருந்தடிக்காத ரோஜா கதையையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் தெரியும் அக்கா. லாக்டவுனில் மாமா முதுகில் ஸ்பிரேயரோடு போவதைத் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்தவள்தானே நான். இந்த ஊரில் எல்லாரும் ஆர்கானிக், ஆர்கானிக் என்று பேசும்போது எனக்கும் பெருமையடிக்க ஏதாவது வேண்டியிருந்தது. சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன் போலிருக்கிறது. இல்லையென்றால் பெற்ற பிள்ளை முன்னால் அதைப் பாயசத்தில் போட்டிருப்பேனா?

இப்போது காரியத்துக்கு வருகிறேன். எங்கள் தெருமுனையில் இருக்கும் லேடி டாக்டரிடம் போனேன். பாப்பாவை நான் சுமந்தபோது பார்த்தவர். எல்லாவற்றையும் சொன்னேன், பேர் சொல்லவில்லை. பொய்யாக ஆறுதல் சொல்கிறவர் இல்லை அவர். ‘பார்க்காம நான் எதுவும் சொல்ல முடியாது, பார்த்த பிறகும் எல்லாத்தையும் சொல்ல முடியாது, கூட்டிட்டு வாங்க’ என்றார். ஐந்தாம் மாசம் எடுக்கிற ஸ்கேன் முக்கியமாம். பிப்ரவரி பத்தாம் தேதி திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரைக்கும் மருந்தடிக்கிற இடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றும் சொன்னார். இதை அவர் இரண்டு தடவை சொன்னார், நான் நூறு தடவை சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவிடம் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? மாதவனிடம் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது உங்கள் உரிமை.

அருணா

*

கெலவரப்பள்ளி
27.1.2025

அருணாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், பக்கத்து வீட்டு வெள்ளையம்மா மத்திகிரி போகிறாள், அவளிடம் கொடுத்துப் போஸ்ட் பண்ணச் சொல்ல வேண்டும்.

பத்தாம் தேதி என்னால் முடியாது. உனக்குச் சீசன் தெரியாது. வெளிநாட்டுக்கு அனுப்பும் பூ முப்பதாம் தேதிக்குள் போய்விடும், அதற்கப்புறம் பெங்களூரு, மெட்ராஸ் மார்க்கெட்டுக்குப் பதின்மூன்றாம் தேதி வரைக்கும் வெட்ட வேண்டும். மொட்டை அரைநாள் தாமதமாக வெட்டினால் விரிந்துவிடும், விரிந்த பூவை யாரும் சீந்த மாட்டார்கள். பெண்ணாட்கள் பதினான்கு பேர். பாதிப் பேர் தெலுங்கு, பாதிப் பேர் கன்னடம். உன் மாமா தமிழில் கத்தினால் அவர்கள் தலையை ஆட்டிவிட்டு அவர்கள் இஷ்டத்துக்குச் செய்வார்கள். நான் நின்றால்தான் வேலை நடக்கும்.

காலையில் மட்டும்தான் உள்ளே போகிறேன். துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறேன். நாராயணம்மா கண்டுபிடித்துவிட்டாள். ‘ஏமம்மா, என்னோ நெல?’ என்று காதோடு கேட்டாள், எத்தனையாவது மாசம் என்று. அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. கீழ்வரிசையை நானே பார்த்துக்கிறேன், நீ குனியாதே என்கிறாள்.

உன் மாமாவிடம் இரண்டு தடவை பேச்செடுத்தேன். ஒரு தடவை ஏஜென்ட் போன் வந்தது. இன்னொரு தடவை அவரே பேசினார். ‘இந்த சீசன் நல்லா ஓடினா, அடுத்த வருஷம் உன்னைய வேலைக்கே உட மாட்டேன் காவேரி’ என்றார். அப்படிச் சொல்கிற மனுஷனிடம் எப்படி ஆரம்பிப்பேன்?

சீசன் முடியட்டும். பதினான்காம் தேதிக்கு அப்புறம் நானே வருகிறேன். போன் பண்ணாதே, சுவாதி எடுப்பாள்.

காவேரி

*

மேடவாக்கம்
1.2.2025

அக்கா,

நேற்று சாயங்காலம் மாமா நம்பரைப் போட்டேன். ரிங் போனது. அவர் ‘ஹலோ, சொல்லு அருணா’ என்றார். பொங்கல் எப்படிப் போச்சு மாமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பொங்கல் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது, என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நான் சொல்லியிருந்தால் அது அவருக்கு ஒரு செய்தி. நீங்கள் சொன்னால்தான் அது அவர் பிள்ளை.

எனக்கு உங்கள்மேல் இருக்கிற கோபத்துக்கு அளவே இல்லை. முதல் தடவை உங்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. இந்தத் தடவை எல்லாம் தெரிந்தும் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறீர்கள். முன்பின் தெரியாத ஒரு பட்டுப்புடவைக்காரிக்காகப் பத்துப் பேர் முன்னால் ஓடிவந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டீர்களே, என் மானம், உங்கள் மரியாதை எதையுமே யோசிக்கவில்லையே. உங்கள் கையில் இருப்பதை யார் தட்டிவிடுவது?

அந்தப் பதினான்கு பேரும் உங்களைப் போலத்தான் உள்ளே நிற்கிறார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

பத்தாம் தேதி பத்தரை மணிக்கு டாக்டரிடம் இருப்பேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்கார்ந்திருப்பேன்.

அருணா

*

கெலவரப்பள்ளி
6.2.2025

அருணாவுக்கு,

சொல்லிவிட்டேன். போனில் சொல்ல வராது என்று இதையும் எழுதித்தான் அனுப்புகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பேக்கிங் ஷெட்டில் நின்று படித்தேன். அன்று காலை மருந்தடித்திருந்தார்கள், பெண்கள் வாசலில் உட்கார்ந்து நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். ‘இன்னிக்கு யாரும் உள்ளாற போவ வேணாம், நாளைக்குப் போலாம்’ என்றேன். ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஒரே ஒருத்தி மட்டும் ‘அம்மா, கூலி?’ என்றாள். உண்டு என்றேன். அதற்குள் உன் மாமா ஓடிவந்தார். ஒரு நாள் வெட்டாவிட்டால் நாலாயிரம் பூ வீண். எல்லார் முன்னாலும் கத்தினார். நானும் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

‘எனக்கு அஞ்சாம் மாசம். நான் இனிமே உள்ளாற போவ மாட்டேன்.’

அப்படித்தான் சொன்னேன் அருணா, பதினான்கு பேர் கேட்க. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத் தெரியாத பிறவி நான், உனக்குத் தெரியுமே. வெட்கப்பட்டு மூன்று மாசம் மறைத்ததை மூன்று வினாடியில் ஊருக்கே சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பிக் கிணற்று மோட்டார் பக்கம் போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. சுவாதிதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ‘எனக்குத் தெரியும்மா, மெட்ராஸ்லயே தெரியும்’ என்றாள். அவளுக்குப் பயந்துதான் இவ்வளவு நாள் ஒளித்தேன். அவள் என் விரலுக்கு எண்ணெய் தடவிவிட்டாள்.

பொழுது சாயும் நேரத்துக்கு அவர் வந்தார். மோட்டாரடியிலேயே குளித்து, வேலைச் சட்டையை அங்கேயே போட்டுவிட்டு, ஈரத்தலையோடு வாசலில் நின்றார். இந்தக் குளிரில் உடம்பெல்லாம் நடுங்கியது. ஏழு வருஷமாக மருந்துச் சட்டையோடு உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்த மனுஷன். உள்ளே வரலாமா என்று கேட்பது போல நின்றார். வாங்க என்றேன்.

சாப்பிட உட்கார்ந்ததும், ‘அப்ப அதுவும் இதனாலதானா?’ என்று கேட்டார்.

‘தெரியல’ என்றேன்.

‘நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?’

‘சொல்லியிருந்தா சீசனை உட்டிருப்பீங்களா?’

அவர் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நானும் நம்பியிருப்பேன், நம்ப ஆசையாகத்தான் இருந்தது. அவர் தட்டைத் தள்ளி வைத்தார். அப்புறம், ‘உட்டிருக்க மாட்டேன்’ என்றார். சொல்லும்போதே முகம் கோணிக்கொண்டது.

பத்தாம் தேதிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். ஆட்களை நாராயணம்மா பார்த்துக்கொள்வாள், மருந்தடித்த அன்றைக்கு உள்ளே போகக் கூடாது என்று அவரே அவளிடம் சொன்னார். வெட்ட முடிந்ததை வெட்டட்டும், முடியாதது விரியட்டும் என்றும் சொன்னார். டாக்டர் என்ன சொல்வாரோ தெரியாது. பயம் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் அருணா, போன அந்தப் பிள்ளைக்காக ஏழு வருஷம் நான் தனியாகத்தான் அழுதேன். செவ்வாய்க்கிழமைதான் அதற்கு அப்பா கிடைத்தார்.

காவேரி